அடமானத்தில் ஒரு கப்பல்

நாத்தனாருக்குத் தர வேண்டிய பாக்கி ஒன்பதாயிரத்து நானூற்று ஐம்பது. வாங்கியபோது அது இன்னும் பெரிய தொகை. சுவருக்கு வண்ணம் அடிக்கிற வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட அன்று, ஒரு வார்த்தை பேசாமல் தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஆஸ்பத்திரிக் கவுன்டரில் பணத்தைக் கட்டியவர் அவருடைய அக்காதான். அன்று பேசாத வார்த்தைகளை எல்லாம் சேர்த்துவைத்து, பிறகு மாதம் ஒரு தடவை பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

தவணை கொடுக்கப் போகிறவள் தம்பி பொண்டாட்டி. அவளை வேலையிடத்தில் ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற பெரிய சலவைக்கூடத்தில் மடிப்புப் பகுதி அவளுடையது. படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இந்த முனையில் இவளும் அந்த முனையில் நெட்டை என்கிற தோழியும் நிற்பார்கள். உதறுவார்கள், இழுப்பார்கள், எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள், திரும்பப் போவார்கள். பொழுது சாய்வதற்குள் தோள்பட்டை இரண்டும் தன்னுடையவைதானா என்று சந்தேகம் வந்துவிடும்.

எழுத்து அவளுக்கு நாற்பது தாண்டித்தான் வந்தது. வேலை முடிந்த பிறகு கேன்டீனில் சங்கத்துக்காரர்கள் நடத்திய வகுப்பு. அதுவரை எந்த வார்டுத் துணி என்பதை ஓரத்துத் தையல் நிறத்தை வைத்துத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள். எழுத்து வந்ததும் கண்ணில் பட்டதை எல்லாம் விழுங்க ஆரம்பித்தாள். சோப்புத்தூள் மூட்டையில் இருப்பதைப் படித்தாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள். ‘இங்கே துப்பாதீர்’ என்பதை, துப்புகிற ஆள் நிற்கும்போதே சத்தமாகப் படித்து வம்பில் மாட்டிக்கொண்டாள். அப்புறம் நூலகத்திலிருந்து கதைப் புத்தகம் எடுத்து வந்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எழுத்து கடுகு மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு வரும்போது வழி தவறி, படித்த வரிக்கே திரும்பப் போய் நிற்பாள். படுத்துக்கொண்டு படிக்கலாம் என்றால், நாளெல்லாம் விரிப்பு உதறிய கைக்கு அந்தத் தடிப் புத்தகம் செங்கல்லாகக் கனத்தது. கண் அசந்தால் மூக்கின் மேல் விழுந்தது. எல்லாவற்றையும் விடக் கொடுமை பஸ் பயணம். ஏறும்போது விரித்த பக்கத்தோடுதான் இறங்குவாள். ஒரு தடவை பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, “ரொம்பப் பிடிச்ச பக்கமோ?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதனால்தான் அது இன்னும் சுட்டது. அதற்குப் பிறகு பஸ்ஸில் புத்தகத்தைப் பையிலிருந்து எடுப்பதையே விட்டுவிட்டாள்.

நான்கைந்து வாரம் கழித்து, அதே பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கையில் சிலேட்டு மாதிரி ஒன்றைப் பார்த்தாள். போன் இல்லை. வெளிச்சம் அடிக்கவில்லை. காகிதம் மாதிரி சாந்தமாக இருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் குண்டுகுண்டாக, பின்னால் நிற்கிற இவளுக்கே தெரிந்தது. இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனது தெரியாமல் இவள் அதையே படித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

“இது என்னதும்மா?”

“ஈ-புக் ரீடர்க்கா. கதைப் புத்தகமெல்லாம் இதுக்குள்ளயே இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் வேலை பார்த்த காசைத் தனியாகப் போட்டுவைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு, பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் போனும் ரேடியோவும் விற்கிற கடைக்குப் போனாள். தவணைக் காசை அவள் தொடவில்லை. அதில் அவள் கறார்.

கடைக்காரர் மூன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். முதலாவது பளபளவென்று வண்ணம் காட்டியது.

“இது போன்தானே தம்பி? கொஞ்சம் சதை போட்டிருக்கு.”

கடைக்காரர் சிரித்துவிட்டு இரண்டாவதைத் தள்ளினார். மெலிதாக, அழகாக இருந்தது. “தொட்டாப் போதும்க்கா, பக்கம் திரும்பும்.”

தொட்டாள். திரும்பவில்லை. தேய்த்தாள், அழுத்தினாள், தட்டினாள். அது பாட்டுக்குக் கல்லு மாதிரி இருந்தது. கடைக்காரர் தொட்டதும் உடனே திரும்பியது.

“என் விரலை இது ஒரு ஆளாவே மதிக்கலையே!”

“ஈரமா இருக்கோ?”

“ஈரமா? காய்ஞ்சு போயிருக்கு. எத்தனை வருஷமா ப்ளீச்சிங் பவுடர்ல கை வைக்கிறேன் தெரியுமா? ரேகை பாக்கிறவன்கூட என் கையைப் பாத்துட்டுக் காசு வேணாம்னு போயிட்டான்.”

கடைக்காரர் அவள் விரல் நுனியைப் பார்த்தார். தேங்காய் ஓடு மாதிரி இருந்தது. மூன்றாவதை எடுத்தார். கொஞ்சம் தடிமன், ஓரத்தில் இரண்டு பொத்தான்கள். “போன வருஷத்து மாடல்க்கா. யாரும் கேக்கிறதில்ல. ஆனா அழுத்தினா வேலை செய்யும், யார் விரலா இருந்தாலும் சரி.”

அழுத்தினாள். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பக்கம் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது போல இருந்தது. அடுத்த பக்கம் அங்கே உட்கார்ந்திருந்தது. இன்னொரு பொத்தானை அழுத்தினாள், பழைய பக்கம். முன்னால், பின்னால், முன்னால். சட்டைக்குப் பொத்தான் போடத் தெரிந்துகொண்ட குழந்தை மாதிரி போட்டுப் போட்டுக் கழற்றினாள்.

“எழுத்தைப் பெருசாக்கலாமாமே?”

கடைக்காரர் பெரிதாக்கினார்.

“இன்னும்.”

பெரிதாக்கினார்.

“இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல போகாதுக்கா. இன்னும் வேணும்னா சுவத்துலதான் எழுதணும்.”

பக்கத்துக்கு ஐந்து வரி, வரிக்கு மூன்று வார்த்தை. வரிக்கும் வரிக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம். அவள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்கு வெளியே போனாள். “அக்கா, அக்கா!” என்று கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். திருடுவதற்காகப் போகவில்லை. நடு வெயிலில், தெருவில் நின்று பார்த்தாள். வெயிலில் போன்கள் எல்லாம் குருடாகிவிடும், அவளுக்குத் தெரியும். இதுவோ வெயில் பட்டதும் இன்னும் தெளிந்தது. உதறிக் காயப்போட்ட வெள்ளை விரிப்பில் யாரோ கறுப்பு மையால் எழுதியது போல இருந்தது.

வாங்க வருகிறவர்கள் பழகுவதற்காகக் கடைக்காரர் போட்டு வைத்திருந்த ஏதோ ஒரு நாவல்தான். ‘வரும் என்று சொன்ன நாளில் கப்பல் வரவில்லை’ என்று ஆரம்பித்தது. வரவில்லையா? பிறகு? பொத்தானை அழுத்தினாள். தெருவில் சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனான். ஐந்து பக்கம் தள்ளிய பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. ஐந்து பக்கம்! வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே மூச்சில் ஐந்து பக்கம் படித்திருக்கிறாள்.

“எவ்வளவு?”

“ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்.”

பேரம் பேசவே மறந்துபோனாள்.

மறுநாள் சலவைக்கூடமே அவளைச் சுற்றி நின்றது. கேன்டீன் வைஃபையில் பழைய கதைப் புத்தகங்களைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப்பிள்ளை காட்டிக்கொடுத்தார். நெட்டைக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

“நூறு புத்தகம் உள்ள போகுதுன்னா கனக்க வேணாமா? எங்கிட்டயே கதை விடுறியா?”

சலவைக்கூடத்து ஆட்களுக்கு எதையும் எடை போட்டால்தான் மனசு ஆறும். அழுக்காக வரும்போது எடை, நனைந்தால் எடை, காய்ந்தால் எடை. சோப்புத்தூள் நிறுக்கிற சின்னத் தராசைக் கொண்டு வந்தார்கள். புத்தகம் இறக்குவதற்கு முன்னால் நிறுத்தார்கள். இறக்கின பிறகு நிறுத்தார்கள். முள் இம்மியும் நகரவில்லை. நெட்டை தராசைத் தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள்.

“நனைச்சாலும் தண்ணி குடிக்காத துணி இது,” என்றாள் கடைசியில். சலவைக்கூடத்தில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

பஸ்ஸில் அவள் ராணி மாதிரி உட்கார ஆரம்பித்தாள். டிக். டிக். பக்கங்கள் பறந்தன. பக்கத்து இருக்கைக்காரர்கள் இப்போது எட்டிப் பார்த்தால், எவ்வளவு வேகமாகப் படிக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். மூன்று வார்த்தை வரியில் வழி தவற இடமே இல்லை. தெரியாத வார்த்தையைத் தொட்டுப் பிடித்தால் அதுவே அர்த்தம் சொல்லும் என்றார்கள். அவள் விரலுக்கு அது மசியவில்லை. ஒருநாள் எரிச்சலில் விரலை மடக்கி முட்டியால் குட்டினாள், அர்த்தம் வந்துவிட்டது! அன்றிலிருந்து தெரியாத வார்த்தையை எல்லாம் தலையில் குட்டி அர்த்தம் கேட்டாள். யாரிடமும் போய், “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று நிற்கவேண்டியதில்லை. அது முகம் சுளிக்கவில்லை. ஒரே வார்த்தையை மூன்று தடவை கேட்டாலும், ‘இப்பதானே சொன்னேன்’ என்று சொல்லவில்லை. தூங்கிப்போனால் விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டது. வாரக்கணக்கில் சார்ஜும் கேட்கவில்லை.

“என்னைவிடக் கம்மியாத் தின்னுது, என்னைவிட அதிகமா உழைக்குது,” என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார்.

கதையில், கப்பல்காரனின் மனைவி துறைமுகத்தில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, இனி நாமே தேடிப்போக வேண்டியதுதான் என்று முடிவு கட்டியிருந்தாள். போக ஒரு கப்பல் வேண்டும். விற்பனைக்கு இரண்டு இருந்தன. எதை வாங்குவது என்று அவள் கரையில் நின்றுகொண்டிருந்த இடத்தில்தான் நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

ஒளித்து வைத்திருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“அக்கா, பாத்தியா, இவ புதுசா ஒண்ணு வாங்கியிருக்கா. எட்டாயிரம்!”

“ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்,” என்றாள் அவள், என்னவோ அந்த நூறில்தான் நியாயம் இருப்பதுபோல.

நாத்தனார் உட்காரவில்லை. “என் காசு ஒன்பதாயிரத்துச் சொச்சம் நிக்குது. மாசம் ஆயிரம்னு குடுக்கிற. எனக்கென்ன அவசரம்னு நானும் வாயைத் திறக்கல. இங்க பாத்தா, மகாராணிக்கு விளையாட்டுச் சாமான் கேக்குதோ?”

“தவணையை ஒரு மாசமும் நான் தவறவிடல அண்ணி. இது ஞாயித்துக்கிழமை வேலை பாத்த காசு.”

“ஞாயித்துக்கிழமைக் காசு கடனுக்குச் செல்லாதா?”

செல்லும்தான். அது அவளுக்கும் தெரியும்.

நாத்தனார் கையை நீட்டினார். “குடு. பாக்கி தீர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். நகையை வச்சா பணம் குடுப்பான் இல்ல? நான் பணத்தைக் குடுத்துட்டு இப்ப நகையை வாங்கிக்கிறேன்.”

“அக்கா…” என்று வீட்டுக்காரர் இழுத்தார்.

“நீ உன் இடுப்பைப் பாத்துக்கடா.”

அவள் துணிப்பையில் சுற்றிக் கொடுத்தாள். கையிலிருந்து போன பிறகுதான், அந்த இரண்டு கப்பலில் எது என்று தெரியாமலே போய்விட்டதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்த மாதம் அவளுக்கு வறட்சி மாதம். நூலகத்தில் அதே நாவலைக் கேட்டாள், இல்லை என்றார்கள். வேறு புத்தகம் எடுத்தாள், மறுபடியும் கடுகு எழுத்து. விரிப்பின் ஒரு முனையில் நின்று நெட்டையிடம் புலம்பினாள்.

“பெருசை வாங்கியிருப்பாளா, சின்னதை வாங்கியிருப்பாளா?”

“யாருடி?”

“கப்பல்காரி.”

“உன் பக்கம் தொங்குது, தூக்கிப் பிடி. கப்பல்காரி மூழ்கினா எனக்கென்ன, சூப்பர்வைசர் வந்தா நாம மூழ்கிடுவோம்.”

மாதம் முடிந்ததும் ஆயிரத்தை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் பணத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் செருகினார். வழக்கமான வசவுகள் எதுவும் வரவில்லை. அதுவே விசித்திரமாக இருந்தது. வேறு ஏதோ யோசனையில் இருந்தவர், திடீரென்று, “அவ அந்தக் கிழட்டுக் கப்பலை வாங்கினதே தப்பு. பாய்மரம் ஒடியாம என்ன செய்யும்?” என்றார்.

வாசலுக்குத் திரும்பியவள் நின்றாள்.

“என்ன அண்ணி சொன்னீங்க?”

“ஒண்ணுமில்ல. கடைக்கு வந்த ஒருத்தி கதை.”

“பாய்மரம் ஒடிஞ்சு போச்சா?”

“யாருக்குத் தெரியும்?” நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் உதட்டோரம் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. “வேணும்னா சொல்லட்டுமா, அப்புறம் என்ன ஆச்சுன்னு?”

“ஐயோ, வேணாம் அண்ணி!” அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கோபம் ஏறியது. ஒரு சங்கிலியை அடகு வைத்தால், வாங்கியவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊர்கோலம் போவாரா? அண்டாவை அடகு வைத்தால் அதில் சமைப்பாரா? அடகு என்றால் அடகு. அவளுடைய கப்பலில் ஏறி அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் நாத்தனார்! அதுவும் யார்? எதைக் கையில் கொடுத்தாலும், “நீயே படி, நீதான் படிச்சவளாச்சே,” என்று குத்துகிற ஆள். மருந்துச் சீட்டு வந்தால், “படி, படிச்சவளே.” கரண்ட் பில் வந்தால், “எவ்வளவுன்னு பாரு, பண்டிதை.” எழுத்துக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்தக் குத்தல் ஓயவில்லை.

மறுநாள் காலையில் நேராக அலுவலகத்துக்குப் போனாள். எடுக்காமல் சேர்த்துவைத்திருந்த விடுப்பு நாட்களை எல்லாம் காசாக்கித் தரச் சொன்னாள். கணக்குப்பிள்ளை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“அம்மா, ஓய்வெடுக்கத்தான் லீவு. அத்தனையும் வித்துட்டா, வர்ற வருஷம் முழுக்க ஒரு நாள் படுக்க முடியாது.”

“படுத்தா மட்டும் தூக்கமா வருது? போடுங்கய்யா.”

தோள்பட்டை வலித்தது. வலியைக் கேட்டு முடிவெடுக்கிற நிலையில் அவள் இல்லை. பணம் கைக்கு வந்த அன்று மத்தியானமே, அரைநாள் சம்பளம் போனால் போகிறது என்று, நாத்தனாரின் தையல் கடைக்குப் போனாள். எட்டாயிரத்து நானூற்று ஐம்பது, கைக்குட்டையில் முடிந்து பையின் அடியில் இருந்தது.

கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. முன்னால், தைக்கிற துணிகளை அளந்து வெட்டித் தருகிற வெட்டுக்காரம்மா யாரோ ஒருவரின் பாவாடைத் துணியைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் மெஷின் ஓடும் சத்தம் இல்லை. அதற்குப் பதில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. டிக்.

திரையை விலக்கினாள். தையல் மெஷின் மேல், நூல்கண்டுப் பெட்டியில் சாய்ந்து ரீடர் நின்றது. நாத்தனார் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆனால் அதைப் பார்க்கவில்லை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘படிக்காமலே பொத்தானை அழுத்துகிறாரா?’ என்று அவள் குழம்பினாள். நாத்தனாரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. கடைக்கண்ணால் படித்துக்கொண்டிருந்தார்.

“இந்தாங்க அண்ணி.” முடிச்சை அவிழ்த்து மெஷின் பலகையில் வைத்தாள். “முழுப் பாக்கியும் இருக்கு. எண்ணிக்கிட்டு என் பொருளைக் குடுங்க.”

நாத்தனார் திடுக்கிட்டார். கை தானாக ரீடரின் மேல் போய் மூடிக்கொண்டது. “இப்ப என்ன அவசரம்? மாசாமாசம் குடேன். உன்னை யாரு நெருக்கினா?”

“நீங்கதான் நெருக்கினீங்க.”

“அன்னைக்கு ஏதோ கோவத்துல… இருக்கட்டும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

“எண்ணுங்க அண்ணி.”

நாத்தனார் ஒரு நோட்டை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளினார், முகத்தைத் திருப்பினார். விரலால் அதன் ஓரத்தைத் தடவினார். பிறகு கட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

“நீயே எண்ணு. நீதான் படிச்சவளாச்சே.”

சுள்ளென்று வந்தது அவளுக்கு. “இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி இதைச் சொல்லிக் குத்துவீங்க? நான் லேட்டாப் படிச்சது உங்களுக்கு என்ன பண்ணிச்சு?”

“குத்தலடி.” நாத்தனாரின் குரல் கீழே இறங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். “சத்தம் போடாத. எனக்குத் தெரியல.”

“என்ன தெரியல?”

“எதுவும்தான். நேரா பாத்தா நடுவுல ஒரு பொட்டு வந்து மறைக்குது. ஓரமாப் பாத்தாதான் கொஞ்சம் தெரியுது. அதுவும் சின்ன எழுத்துன்னா வெறும் புழுதி. இனிமே இவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதாச்சு ஏழெட்டு வருஷம்.”

“அப்ப எப்படித் தைக்கிறீங்க?”

“கைக்குக் கண்ணு இருக்கு. வெட்டுறதை அவங்க பாத்துக்குவாங்க.” வெட்டுக்காரம்மா பக்கம் தலையை அசைத்தார். “வெளிய தெரிஞ்சா எவ எங்கிட்டத் துணியைக் குடுப்பா? தம்பிக்கும் தெரியாது. நீயும் சொல்லாத.”

அவள் நின்ற இடத்திலேயே முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மருந்துச் சீட்டும் கரண்ட் பில்லும் வரிசையாக மனசில் வந்து, ஒவ்வொன்றாகப் புரண்டு மறுபக்கம் காட்டின. ‘நீயே படி’ என்றால் நீயே படி என்றுதான் அர்த்தம். அவளைவிட நாத்தனார்தான் அதிகம் படித்தவர். பள்ளிக்கூடம் முடித்தவர். ஒரு காலத்தில் துணி தைத்துக்கொண்டே மடியில் நாவலை வைத்துப் படிப்பாராம், ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியாமல். வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த நாவல்கள் எப்போது நின்றுபோயின என்று யாரும் கேட்டதில்லை.

“இதை எடுத்துட்டு வந்து பீரோவுல போட்டேன்,” என்றார் நாத்தனார். “மறுநாள் பாக்கறேன், திரையில ஒரு படம் அப்படியே நிக்குது, அணையவே மாட்டேங்குது. கரண்ட்டு வீணாப் போகுதேன்னு நாலு துணி போட்டு மூடினேன். அப்பவும் இருக்கு. எங்கயாவது கெட்டுப்போய், எம்மேல பழி வந்துடப்போகுதேன்னு அங்கயும் இங்கயும் அழுத்தினேன். திறந்துக்குச்சு. ஏண்டி, இவ்வளவு பெரிய எழுத்தா? நீ யாருக்காக அப்படி வச்சிருந்த?”

“எனக்காகத்தான். இல்லேன்னா வரி தவறிடும்.”

“‘அவள் திரும்பிப் பார்க்கவில்லை.’ ஒரு வரி. முழுசாத் தெரிஞ்சுது. எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்து படிச்சேன்.” நாத்தனார் ரீடரின் ஓரத்தைத் துணியின் ஓரம் பிடித்துப் பார்க்கிற மாதிரி தடவினார். “பணத்தை வாங்கினா இதைக் குடுக்கணும். அதான்.”

அவள் பணத்தைப் பார்த்தாள், ரீடரைப் பார்த்தாள். ரீடரை நாத்தனார் பக்கமே நகர்த்தினாள். “நீங்களே வச்சுக்குங்க அண்ணி. கடன்ல கழிச்சுக்கலாம்.”

நாத்தனார் அவளை, அதாவது அவளுக்குப் பக்கத்துச் சுவரை, நெடுநேரம் பார்த்தார். ஓரக்கண்ணில் அவள் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

“ஆகா! போன வருஷத்துப் பழசை எந்தலையில கட்டிட்டு, நீ புதுசு வாங்கப் பாக்கிறியா?”

“ஐயோ, இல்ல அண்ணி!”

“எந்திரி. அந்தக் கடையைக் காட்டு.” மெஷின் பலகையிலிருந்த பணத்தை அள்ளி அவள் பையிலேயே திரும்பப் போட்டார். “இதை நீயே வச்சிரு. அங்க போய் எண்ணலாம்.”

சந்துக் கடைக்காரர் அவளைப் பார்த்ததும், “என்னக்கா, ரிப்பேரா?” என்றார்.

“ரிப்பேரா? அது என்னைவிடத் திடமா இருக்கு. பட்டன் வச்சது, இதைவிடப் பெருசா ஒண்ணு எடுங்க. திரை அகலமா இருக்கணும். வெளிச்சத்தை மஞ்சளா மாத்தற வசதி இருந்தா நல்லது. கண்ணை உறுத்தாது.”

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். பார்வைக்கு வைத்திருந்த ஒரே ஒன்று அதுதான். நோட்டுப் புத்தகம் அகலம் இருந்தது. அவள் அதை வாங்கி எழுத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி, நாத்தனாரைத் தெருவுக்குக் கூட்டிப்போனாள். நாத்தனார் முகத்தைத் திருப்பி, வெயிலில் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“அவங்க ஏன் அந்தப் பக்கம் பாக்கிறாங்க?” என்றார் கடைக்காரர்.

“அவங்க அப்படித்தான். பிடிச்ச சாமானை நேரா பாத்தா விலையை ஏத்திடுவீங்கல்ல?”

நாத்தனாரின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். வரி வரியாக, உதடு அசைய, ஒரு பக்கம், இன்னொரு பக்கம். வரிக்கு ஐந்து வார்த்தை இருந்தது. அகலத் திரையில் எழுத்துகள் நெரிசல் இல்லாமல் காலாற நின்றன. கடைத்தெருவே சுற்றி இரைந்துகொண்டிருந்தது. அவர் காதில் எதுவும் விழவில்லை. முகம் மெல்ல மெல்லத் தளர்ந்து, பதினைந்து வயது குறைந்தது. அவள் பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்தாள். தான் முதல் நாள் இதே வெயிலில் எப்படி நின்றிருப்போம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

“எவ்வளவு சொல்றீங்க?” நாத்தனார் படித்துக்கொண்டே கேட்டார்.

“ஒன்பதாயிரத்து இருநூறும்மா.”

“எட்டாயிரத்து நானூத்தி அம்பது.”

“அம்மா, கட்டுப்படியாகாது. முழுசா எட்டாயிரத்து எண்ணூறு குடுங்க.”

“எட்டாயிரத்து நானூத்தி அம்பது. பார்வைக்கு வச்ச பீஸு. ஊரே தடவிப் பாத்திருக்கு. ஓரத்துல கீறல் வேற இருக்கு, கைக்குத் தட்டுது பாருங்க.”

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். நிஜமாகவே மயிரிழைக் கீறல் ஒன்று இருந்தது. அவருக்கே அதுவரை தெரியாது. “அது என்னம்மா கணக்கு, நானூத்தி அம்பது? நானூறுமில்லாம, ஐநூறுமில்லாம?”

“எங்களுக்குள்ள ஒரு கணக்கு. ஒரு காசு கூடினாலும் சண்டை வரும், குறைஞ்சாலும் சண்டை வரும்.”

கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “சரி, எடுத்துக்குங்க. ஆனா உறை கிடையாது.”

“உறை நான் தைப்பேன். எனக்கா தெரியாது?”

அவள் பையிலிருந்து பணத்தை எடுத்து, நாத்தனாருக்குக் கேட்கும்படி ஒவ்வொன்றாக எண்ணி மேசையில் வைத்தாள். கடைசி ஐம்பதும் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் இழுப்பறையைச் சாத்தினார்.

நாத்தனார் தன் கைப்பையிலிருந்து பழைய ரீடரை எடுத்து அவளிடம் நீட்டினார். புதியதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “இந்தா உன் கப்பல். கணக்கு நேராயிடுச்சு. எனக்கு நீ ஒண்ணும் தர வேணாம், உனக்கு நான் ஒண்ணும் தர வேணாம்.” கடைப்படி இறங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பிகிட்டப் போய்ச் சொல்லு, இன்னையிலேர்ந்து அவன் இடுப்பு முழுசா அவனோடதுதான்னு.”